பத்துக்குப் பத்து

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பத்துக்குப் பத்து வாங்கினேன். பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் உண்டு. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த மார்க்கைப் போட்டவரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவருடைய உறவுக்காரர்கள் வில்லியனூர்ப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பெயரில் ஒரு எழுத்து பிசகிவிட்டால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து சுழித்துவிட்டுத்தான் மறுபடி படுப்பார். அப்படிப்பட்ட பிறவி.

மற்றவர்களுக்கெல்லாம் பெயரோடு சேர்த்து டீச்சர், அவருக்கு மட்டும் வெறும் டீச்சர். உறுவையாற்றிலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் வாய்க்கால் கரையோடு நடந்து, மாதா கோயில் இருந்த பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போவோம். டீச்சர் அந்த ஊர்க்காரர்தான், கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, வேகமான நடை. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம் என்று அந்தக் காலத்தில் விற்ற பென்சில். சிவப்பு முனை வாரத்துக்கு ஒரு தடவை சீவப்படும். நீல முனையைச் சீவி நான் பார்த்ததே இல்லை.

அவர் எடுத்தது ஆங்கிலம். அதில் அவர் உயிரை விட்டது இரண்டே விஷயங்களுக்காக. ஒன்றைப் பலவாக்குவது, ஒருவருடையதை ஒருவருடையது என்று எழுதுவது. எழுத்துக்கு மேலே தொங்கும் அந்தச் சின்னக் குறிக்கு ஆங்கிலத்தில் ஒரு நீளமான பெயர் உண்டு. எங்கள் வாயில் நுழையாது என்று அவரே அதற்குக் கொக்கி என்று பெயர் வைத்தார்.

"ஒண்ணு பலதானா பின்னால எஸ். ஒருத்தருக்குச் சொந்தம்னா கொக்கி போட்டு எஸ். பல பேருக்குச் சொந்தம்னா எஸ் போட்டுட்டு அப்புறம் கொக்கி. இன்னாடி முழிக்கிற, சொல்லு."

சொல்லுவோம். சொன்னால் போதாது. வகுப்பில் நடந்துகொண்டே ஏதாவது ஒரு பொருளைத் தூக்கிக் காட்டுவார். ஸ்லேட்டு, ரிப்பன், தூக்குவாளி, ஒருநாள் ஒருத்தியின் சடை.

"இது இன்னா?"

"சடை, டீச்சர்."

"யாருது?"

இந்த 'யாருது' இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. கீழே கிடக்கும் ஒரு குச்சிக்குக்கூட யாருது என்று கேட்டு, பதில் வரும்வரை நகரமாட்டார். உடையவர் இல்லாமல் ஒரு பொருள் கிடப்பதை அவரால் தாங்க முடியாது. நாங்கள் வாய்க்கால் கரையில் எருமைச் சாணத்தைக் காட்டி "யாருதுடி?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே வீடு வருவோம்.

ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள், "கதவுக்குத் தாழ்ப்பா சொந்தம்தான டீச்சர்? கொக்கி போடலாமா?"

"கதவுக்கு உயிர் இருக்குதா?"

"இல்ல டீச்சர்."

"உயிர் இல்லாததுக்கு எதுவும் சொந்தம் கிடையாது. கொக்கி போடக்கூடாது. நாளு, வாரம், மாசம், அதுக்கு மட்டும் விதிவிலக்கு. ஒரு நாள் கூலி, ரெண்டு நாள் லீவு, இதுக்கெல்லாம் போடலாம். இதை மறந்தீங்க, முட்டிய பேத்துடுவேன்."

நான் மறக்கவில்லை.

என் அம்மா அவரைப் பற்றி ஒரே வார்த்தைதான் சொல்லுவாள்: "கொக்குக்கு ஒண்ணே மதி." எவ்வளவு சரி என்று அப்போது எனக்குத் தெரியாது. மாதா கோயில் அறிவிப்புப் பலகையில் திருவிழா பற்றி எழுதியிருந்ததைச் சாமியார் கண்ணெதிரிலேயே திருத்தியவர் அவர். யார் கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும் அங்கேயே நின்று பென்சிலை உருவுவார். பெண் யார், மாப்பிள்ளை யார் என்று கேட்கமாட்டார். சுழித்து, கொக்கி போட்டு, திருப்பிக் கையில் கொடுத்துவிட்டு "வந்துடறேன்" என்பார். வரவும் வருவார்.

ஒரு கோடையில் எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் கெட்டு, சின்னப் பிள்ளைகளெல்லாம் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தார்கள். அதிகாரி ஒருவர் ஜீப்பில் வில்லியனூருக்கு வருகிறார், மனு கொடுத்தால் குழாய் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, தெருப் பையன் ஒருவன் ஆங்கிலத்தில் மனு எழுதினான். என் சித்தப்பா அதை டீச்சரிடம் சரி பார்க்க எடுத்துக்கொண்டு போனார். பிள்ளைகளின் வயிறு, தெருக்களின் கிணறு என்று அதில் ஏகப்பட்ட கொக்கி. டீச்சர் திருத்தி, சுத்தமாக நகல் எடுத்து வரச் சொன்னார். எடுத்து வந்தார்கள். அதிலும் இரண்டு தப்பு. மறுபடி எழுதச் சொன்னார். மூன்றாவது நகலோடு ஓடும்போது ஜீப் போய்விட்டது.

"அம்மா, ஜீப்பு போயிடுச்சிம்மா," என்று சித்தப்பா வந்து சொன்னார். வெயிலில் ஓடிய ஓட்டத்தில் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"தப்போட குடுத்தா அவங்க மதிப்பாங்களாப்பா?" என்று கேட்டார் டீச்சர். உண்மையிலேயே கேட்டார். குத்திக் காட்டவில்லை. அவருக்கு அது புரியவேயில்லை.

அவரைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் ஏழாவது படிக்கும்போது, பாடம் நடக்கையில் தந்திக்காரர் வந்தார். டீச்சரின் அப்பா அப்போது காரைக்காலில் மகன் வீட்டில் இருந்தார். தந்தியில் கொக்கியெல்லாம் வராது. எழுத்துகள் மொட்டையாகத்தான் இருக்கும். டீச்சர் பிரித்துப் படித்தார். பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தார். அப்பாவின் உடல்நிலை மோசம் என்று இருந்ததில், அப்பாவுக்கும் அந்த எஸ்ஸுக்கும் நடுவில் சிவப்பில் ஒரு கொக்கி போட்டார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, "சத்தம் போடாம எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முன் பெஞ்சில் இருந்த எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. அதே பஸ்ஸில் போன எங்கள் ஊர்க்காரி ஒருத்தி பிறகு சொன்னாள்: உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார்களாம்.

முதலில் திருத்துவார், பிறகுதான் அழுவார். அன்றைக்கு என் மனதில் அப்படிப் பதிந்தது. அதை நம்பித்தான் நான் பின்னால் கெட்டேன்.

எட்டாவது முடித்ததும் என்னை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் நல்ல வெயிலில் குடை பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பா நெல் அளந்துகொண்டிருந்தார்.

"நல்லா படிக்கிற புள்ள. இன்னும் மூணு வருஷம் விடுங்க."

"எட்டு போதும்மா. எங்க வூட்ல யாரும் கலெக்டர் ஆவல."

டீச்சர் அரைமணி நேரம் வாதாடினார். அப்பா மரக்காலைக் கீழே வைக்கவேயில்லை. பதினாறு முடிந்ததும் பண்டசோழநல்லூரில் என்னைக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு எல்லாரும் எவர்சில்வர் கொண்டுவந்தார்கள். டீச்சர் ஒரு கட்டு இன்லண்ட் லெட்டர் கொண்டுவந்தார். பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் அவருடைய முகவரியை அவரே எழுதி, ரப்பர் வளையம் போட்டிருந்தார். படிப்பை நிறுத்திய பெண்கள் எல்லாருக்கும் அவர் செய்வது இது.

"மாசம் பத்து வாக்கியம் எழுதி அனுப்புடி. திருத்தி அனுப்பறேன். உட்டுடாத. உட்டா போயிடும்."

அவர் சம்பளத்தில், அவர் செலவில். இதை நான் மறைக்கவில்லை. யார் செய்வார்கள்?

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அங்கிருந்து பென்ஷன் வரும். ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். வீட்டுக்கு வரும் கடிதம் எதுவானாலும் அவர் பிரித்துப் படித்த பிறகுதான் உரியவர் கைக்குப் போகும். தமிழும் பிரெஞ்சும் தெரியும், ஆங்கிலம் தெரியாது. ஆனால் மருமகள் தபாலில் ஆங்கிலம் படிப்பதில் அவருக்கு ஒரே பெருமை. டீச்சர் திருத்தி அனுப்பிய தாளை வாங்கி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார்.

"நாங்களும் எஸ்ஸு போடுவோம். ஆனா வாயால சொல்ல மாட்டோம். எழுதுனது எழுதுனதோட இருக்கும். இந்த இங்கிலீஷ்காரனுவ அத்தனையும் ஒப்பிச்சிடுறானுவ," என்று சிரிப்பார்.

அந்த வீடே அவர் சொன்ன பிரெஞ்சு மாதிரிதான். நடப்பதை யாரும் வாயால் சொல்லக்கூடாது.

என் கணவனுக்குச் சர்க்கரை ஆலையில் எடை போடும் இடத்தில் வேலை. ஆங்கிலம் அவனுக்கு எடைச் சீட்டளவுக்குத் தெரியும். சினிமா போஸ்டரைப் பார்த்து டியர், லவ் என்ற இரண்டு வார்த்தையும் தெரியும். அதனால் கடிதம் எழுதக்கூடாது, பாடம் மட்டும் எழுதலாம் என்று சட்டம் போட்டான். தபாலில் சேர்ப்பதற்கு முன் விரலை வைத்துத் தேடுவான், டியர் இருக்கிறதா என்று.

முதல் மூன்று நான்கு மாதம் உண்மையாகவே பாடம்தான் எழுதினேன். மாமனாரின் தொப்பி. எருதுகளின் கொம்புகள். குழந்தைகளின் பொம்மைகள். டீச்சர் ஆறு போடுவார், ஏழு போடுவார்.

கரும்பு வெட்டும் காலம் வந்தது. எங்கள் வீடு கரும்புக் கொல்லை ஓரம். வெட்டுக்காரர்கள் தண்ணீர் குடிக்க வருவார்கள். என் கணவனுக்கு அதிலிருந்து சந்தேகம் பிடித்தது. வேலைக்குப் போகும்போது என்னைப் பின்னாலிருந்த மோட்டார் கொட்டகையில் விட்டுப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான். பகல் முழுக்க மோட்டார் சத்தம். மாலை வந்து திறப்பான். திறந்ததும் அடிப்பான், காரணம் பிறகு சொல்லுவான். அரிசிக் குதிருக்கும் ஒரு பூட்டு. அந்தச் சாவி மாமியார் இடுப்பில்.

தலைதீபாவளிக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். முதுகையும் காட்டினேன். "பொறுத்துக்கோடி. ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாப்பூடும்," என்றாள். அப்பாவிடம் சொல்லாதே என்றும் சொன்னாள். நான் சொல்லவில்லை. என் கோபத்தில் அம்மாவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அந்த மாதம் பத்து வாக்கியத்தில் ஆறு இப்படி எழுதினேன்: கொட்டகையின் கதவு. கதவின் பூட்டு. என் கணவனின் சாவி. என் கணவனின் கைகள். மாமியாரின் சாவி. ஒரு பெண்ணின் முதுகு.

என்னைக் காப்பாற்றுங்கள் என்று நேராக எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். ஹெல்ப் என்ற வார்த்தை எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆலையில் ஹெல்பர் என்று ஒரு வேலை உண்டு.

இரண்டு வாரத்தில் டீச்சரின் பழுப்பு உறை வந்தது. மாமனார் பிரித்தார், பார்த்தார், கொடுத்தார். முதல் இரண்டையும் சிவப்பில் அடித்திருந்தார். கொட்டகைக்கும் கதவுக்கும் உயிர் இல்லை, கொக்கி கூடாது. கணவன், மாமியார், பெண் எல்லாவற்றுக்கும் சரி. எட்டு. கீழே தமிழில் ஒரு வரி: 'உயிரில்லாதவற்றில் கவனம் தேவை.'

எனக்கு ஆத்திரம் வரவில்லை. சிரிக்காதீர்கள், மகிழ்ச்சியாக இருந்தது. முதலில் திருத்துவார், பிறகு வருவார். திருத்திவிட்டார். இனி குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். நான் கொட்டகை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். குடை பிடித்துப் போகிற ஒவ்வொருத்தியும் எனக்கு டீச்சர்தான். அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதம் இன்னும் தெளிவாக எழுதினேன். ஒன்பது வந்தது. டீச்சர் வரவில்லை.

அதற்கடுத்த மாதம் நான் நான்கு மாதக் கர்ப்பிணி. மோட்டார் பழுது என்று கொட்டகையைத் திறந்து வைத்திருந்த ஒருநாள், வெட்டுக்காரர் ஒருவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கணவன் சைக்கிளில் வந்து இறங்கினான். அதற்குத் தண்டனை மூன்று நாள் சோறு கிடையாது. மாமியார் குதிருக்கு இரண்டு பூட்டுப் போட்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் மாட்டுக்கு வைத்த கழுநீரில் அடியில் கிடந்த பருக்கைகளை அரித்துத் தின்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுதுவது சுலபமாக இருக்கிறது.

நான்காம் நாள் எழுதினேன். பத்து வாக்கியமும் ஒரே விஷயம். என் மாமியாரின் பூட்டுகள். மாடுகளின் தண்ணீர். என் குழந்தையின் சோறு. பத்தாவது, மூன்று நாட்களின் பட்டினி. எஸ்ஸுக்குப் பின்னால் கொக்கியைச் சரியாகப் போட்டேன். நாள், வாரம், மாதத்துக்குப் போடலாம் அல்லவா? பட்டினி கிடந்தவளுக்கு அந்த விதிவிலக்கு எப்படி நினைவிருந்தது என்று கேட்காதீர்கள். தப்பு இருந்தால் டீச்சர் தப்பைத்தான் பார்ப்பார். தப்பே இல்லாமல் எழுதினால், பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாமல், எழுதியிருப்பதைப் படிப்பார். அப்படிக் கணக்குப் போட்டேன்.

உறை வந்தது. பத்துக்குப் பத்து. நட்சத்திரம். பத்தாவது வாக்கியத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வரி: 'நாட்கள் பற்றிய விதியை நினைவில் வைத்திருக்கிறாய். மிக்க மகிழ்ச்சி.'

அன்றைக்குத்தான் ஜன்னலைப் பார்ப்பதை நிறுத்தினேன்.

என்னைக் காப்பாற்றியது ஊர் ஊராக வரும் பிரசவ நர்ஸம்மா. கர்ப்பிணிகளைப் பார்க்க மாதம் ஒருமுறை வருவார். மாமனார் வழக்கம்போலத் தாளை நீட்டினார்.

"பாருங்க நர்ஸம்மா. பத்துக்குப் பத்து. ஸ்டாரு வேற போட்டுருக்காங்க. எங்க வூட்டு மருமவ."

நர்ஸம்மா வாங்கினார். மேலே இருந்த மார்க்கைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கீழே படித்தார். சிரிப்பு அப்படியே நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார். கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல வளையலை மேலே தள்ளினார். தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்லாதான் எழுதியிருக்குது. ஆனா ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குதுங்க. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும். உட்டா, அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

பட்டாளத்துக்காரருக்கு ஆஸ்பத்திரி உத்தரவு என்றால் உத்தரவுதான். அனுப்பிவிட்டார். பஸ்ஸில் நர்ஸம்மா எனக்கு இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். நான் தின்று முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும்மா எழுதுன இத?"

"எங்க டீச்சருக்கு."

"அவங்க படிச்சாங்களா?"

"திருத்துனாங்க," என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா சொல்லி அனுப்பி, என் அப்பா வந்தார். கட்டிலில் என்னைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார். திரும்பி வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு பண்டசோழநல்லூர் ஆட்கள் பஞ்சாயத்துக்கு எத்தனை தடவை வந்தும் அவர் என்னை அனுப்பவில்லை. என் மகள் உறுவையாற்றில்தான் பிறந்தாள்.

அந்த வருஷமே டீச்சருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் ஆகிவிட்டது. என் கதை அவர் காதுக்கு எட்டவில்லை. மகளுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, பண்டசோழநல்லூர் முகவரிக்குப் போய் அங்கிருந்து திருப்பப்பட்டு ஒரு கார்டு வந்தது. 'நெடுநாளாக வாக்கியங்கள் வரவில்லை. சோம்பல் கூடாது.' அதை நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

பிறகு என் வாழ்க்கை ஓடிவிட்டது. அந்த நர்ஸம்மாவே சிபாரிசு செய்து, தவளக்குப்பத்துப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. மகள் பள்ளிக்கூடம் போனாள். அவளுடைய ஆங்கில நோட்டில் ஒருநாள் கொக்கிகளைப் பார்த்தேன். பழசெல்லாம் பொங்கிவிட்டது. டீச்சர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கே வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நர்ஸம்மா எனக்குத் திருப்பிக் கொடுத்திருந்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன்.

நடுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொண்டை சின்னதாகிவிட்டது. பென்சில் இருந்தது. ஒரு கண்ணில் புரை வந்திருந்தது. குரலை வைத்தே என்னைக் கண்டுகொண்டார்.

"உறுவையாறுதான? பண்டசோழநல்லூர்ல குடுத்தாங்க. நல்லா எழுதுவ நீ. ஏண்டி நிறுத்திட்ட?"

தாளைப் பிரித்துக் கையில் கொடுத்தேன்.

"இது இன்னாடி? ஓ, நான் திருத்துனது. பத்து போட்டிருக்கேனா! பத்தெல்லாம் நான் யாருக்கும் போட்டதில்லயே."

"படிங்க டீச்சர். சிவப்பப் பாக்காதீங்க. நான் நீல மையில எழுதியிருக்கேன் பாருங்க, அதைப் படிங்க."

கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு படித்தார். உதடு அசைந்தது. ஒவ்வொரு வரிக்கும் விரலை இறக்கினார். மாடுகளின் தண்ணீரில் விரல் நின்றது. மறுபடி மேலே போய் முதலிலிருந்து வந்தார். பத்தாவதைப் படித்துவிட்டுத் தாளைக் கண்ணிலிருந்து விலக்கினார்.

"இதெல்லாம் நெசமாடி?"

"நெசம்தான் டீச்சர்."

"தமிழ்ல எழுதியிருக்கலாம் இல்லடி?"

"தமிழ்ல எழுதுனா மாமனாரு படிச்சிடுவாரு டீச்சர். உங்களுக்குன்னுதான் இங்கிலீஷ்ல எழுதினேன்."

"நான் பாடம்னு நெனச்சேன்."

"தெரியும் டீச்சர். ரெண்டு மாசம் ஜன்னல்ல நின்னேன், நீங்க வருவீங்கன்னு."

இப்படித்தான் சொல்லவேண்டும் என்று பல வருஷமாக மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதைவிடக் கடுமையாகவும் சில வார்த்தைகள் இருந்தன. அவர் கை கொண்டைக்குப் போவதைப் பார்த்ததும் எல்லாம் நின்றுவிட்டது. பென்சிலை உருவினார். தாளை மடியில் வைத்துக் குனிந்து ஏதோ எழுதினார். நான்காக மடித்து என்னிடம் நீட்டினார்.

"பஸ்ஸு போயிடும், கெளம்பு," என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் நிற்கவில்லை. முதலில் திருத்துவார், பிறகு வருவார் என்று காத்திருந்து பார்த்தவள் நான். இன்னொரு தடவை காத்திருக்க எனக்குத் தெம்பில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து தாளைப் பிரித்தேன். பத்தை அடித்து ஒன்பது போட்டிருந்தார். நட்சத்திரத்தையும் அடித்திருந்தார். உடம்பெல்லாம் எரிந்தது. எந்த இடத்தில் தப்பு என்று தேடினேன். பத்து வாக்கியத்திலும் ஒரு புதுச் சுழி இல்லை, ஒரு கொக்கி கூடவில்லை, குறையவில்லை. தப்பைச் சுழித்துக் காட்டாமல் ஒரு மார்க்கைக்கூடக் குறைத்தவரில்லை அவர்.

அடுத்த வருஷம் இறந்துபோனார். நான் போகவில்லை.

என் மகள் இப்போது அந்தத் தாளை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள், "அந்த ஒரு மார்க்கு டீச்சரோட தப்புக்கும்மா. அவங்க தப்புக்கு அவங்களே மார்க்கக் குறைச்சிக்கிட்டாங்க. புரியலயா உனக்கு?"

இருக்கலாம். கீழே கிடந்த குச்சிக்கெல்லாம் 'யாருது, யாருது' என்று எங்களைத் துளைத்து எடுத்தவர், அந்த ஒரு தப்பு யாருடையது என்று மட்டும் எழுதவில்லை. எனக்கு அது போதவில்லை.